பூட்டு இருந்துச்சே, பணம் எப்படிப் போச்சு?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேச வேண்டிய பாடம்)



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆம்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு அக்கா மட்டும் சுவரோரமாக உட்கார்ந்தே இருந்தார். ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் அப்பர் தைத்தவர். முழங்கால் வலி வந்து வேலையை விட்டுவிட்டு, இப்போது வீட்டிலேயே கைத்தையல் போடுகிறார்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லமா. பி.எஃப். பணம் எடுக்கலாம்னு போன்ல தேடினேன். ஆபீஸ் பக்கம் மாதிரியே ஒண்ணு வந்துச்சு. ஆதார் நம்பர் கேட்டுச்சு, போட்டேன். ஏ.டி.எம். கார்டு நம்பர் கேட்டுச்சு, அதையும் போட்டேன். அப்புறம் ஓ.டி.பி. வந்துச்சு. அதையும் போட்டேன். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த 14 ஆயிரம் போயிடுச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்: "மேல பூட்டுப் படம் இருந்துச்சுமா. பூட்டு இருந்தா தைரியமா போடலாம்னு நீதானே பயிற்சியில சொன்னே?"

எனக்குப் பேச்சே வரவில்லை. ஆமாம், நான்தான் சொன்னேன். பாதியைச் சொன்னேன், மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த மீதியைச் சொல்லத்தான் இந்த மாதப் பாடம்.

பூட்டு என்றால் என்ன? அது எதைக் காக்கும்? எதைக் காக்காது? பொறுமையாகக் கேளுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

நாம் தட்டுவது எந்த வழியாகப் போகிறது?

போனில் நாம் தட்டுகிற நம்பர் நேராக பேங்கில் போய் விழுவதில்லை. முதலில் ஊர்க்கோடியில் நிற்கும் டவருக்குப் போகும். அங்கிருந்து போன் கம்பெனியின் கேபிள் வழியாகப் பல ஊர் தாண்டும். எங்கேயோ ஒரு நகரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். இடையில் எத்தனையோ கை மாறுகிறது.

அந்தக் காலத்து போஸ்ட் கார்டு ஞாபகம் இருக்கிறதா? ‘மகளுக்குப் பேறுகாலம், உடனே வரவும்’ என்று எழுதிப் போட்டால், தபால்காரர் படிப்பார், டீக்கடைக்காரர் படிப்பார், கடைசியாகத்தான் வீட்டுக்காரர் படிப்பார். இன்டர்நெட்டும் ஆரம்பத்தில் போஸ்ட் கார்டு மாதிரிதான் இருந்தது. வழியில் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் எல்லாவற்றையும் படிக்கலாம்.

இது பயமுறுத்தச் சொல்லும் பேச்சு இல்லை. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒருவர் ‘ஃபயர்ஷீப்’ என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி வெளியிட்டார். பூட்டு இல்லாத வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே தட்டில் நுழையலாம் என்று எல்லோருக்கும் காட்டினார். திருடுவதற்காக அதைச் செய்யவில்லை. ‘இவ்வளவு பெரிய கம்பெனிகள் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்களே’ என்று சுட்டிக்காட்டச் செய்தார். அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் பல, எல்லாப் பக்கத்துக்கும் பூட்டுப் போடும் வேலையை வேகப்படுத்தின.

மறைத்துப் பேசுவது நமக்குப் புதிதா?

வேலூர் பக்கத்தில் பொய்கை மாட்டுச் சந்தைக்கு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். தரகர் தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கை மேல் போட்டுக்கொள்வார். வாங்குபவர் அதற்குள் கையை விடுவார். விரலைப் பிடித்தே விலை பேசி முடித்துவிடுவார்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். பேரம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்ன விலை என்பது துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படித்த ‘குழூஉக்குறி’யும் இதுதான். பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். யானைப் பாகர்கள் துணியைக் ‘காரை’ என்பார்கள். பக்கத்தில் நிற்பவர் காதில் விழும், ஆனால் விளங்காது.

இன்டர்நெட்டில் போடுகிற பூட்டுக்கும் இதே வேலைதான். அதை ‘குறியாக்கம்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘என்கிரிப்ஷன்’. விவரம் போவதை அது தடுக்காது. போகிற வழியில் பார்ப்பவருக்குப் புரியாதபடி மாற்றி அனுப்பும்.

நாமே ஒரு பூட்டுப் போட்டுப் பார்ப்போம்

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் குழுவின் கையிருப்பு 4250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்துச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். பையன் படித்துவிடக் கூடாது.

நீங்களும் செயலாளரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறீர்கள்: ஒவ்வொரு எண்ணோடும் 3 கூட்ட வேண்டும். 4 என்பது 7 ஆகும். 2 என்பது 5. 5 என்பது 8. 0 என்பது 3. சீட்டில் 7583 என்று இருக்கும். செயலாளர் ஒவ்வொன்றிலும் 3 கழித்து 4250 என்று சரியாகப் படித்துவிடுவார்.

இதில் 3 என்பதுதான் சாவி. சாவி தெரிந்தவருக்கு விவரம் தெரியும். தெரியாதவருக்கு வெறும் நம்பர்.

ஆனால் இந்தப் பூட்டில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை: பையன் கெட்டிக்காரனாக இருந்தால் 1 கழித்துப் பார்ப்பான், 2 கழித்துப் பார்ப்பான், 9 வரை பார்த்தால் மாட்டிவிடும். அதனால் சாவி ரொம்பப் பெரியதாக இருக்க வேண்டும். இன்று பேங்க் பக்கங்களில் பெரும்பாலும் பயன்படுவது ‘ஏ.இ.எஸ்.’ என்ற பூட்டு. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த டேமன், ரெய்மன் என்ற இருவர் உருவாக்கியது. 2001இல் அமெரிக்க அரசு இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இதன் சின்ன வகைச் சாவியையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், எத்தனை சாவி இருக்கிறது என்று எழுதவே 39 இலக்கம் வேண்டும். உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தாலும் நம் ஆயுசில் முடியாது.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. செயலாளர் உங்கள் ஊர்க்காரர். காதோடு காதாக ‘3’ என்று சொல்லிவிட்டீர்கள். ஆனால் பேங்க் கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்ததே இல்லை. அதன் காதில் சாவியை எப்படிச் சொல்வீர்கள்? போன் வழியாக அனுப்பினால், வழியில் இருப்பவன் சாவியையே எடுத்துக்கொள்வானே?

பல நூறு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருந்தது. ராஜாக்களும் பட்டாளத்தாரும் சாவியை ஆள் மூலமாகத்தான் அனுப்பினார்கள்.

சாயம் கலக்கும் வழி

1976இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மேன் என்ற இருவர் ஒரு வழி கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதைக் கணக்காகச் சொன்னால் தலை சுற்றும். நம்ம ஊர் தோல் ஷாப்பில் சாயம் போடுவதை வைத்துச் சொல்கிறேன்.

மஞ்சள் சாயம் எல்லோருக்கும் தெரிந்த சாயம். ஒளிவு மறைவு இல்லை.

உங்கள் போன் மனதுக்குள் ஒரு இரகசியச் சாயம் எடுத்துக்கொள்கிறது. சிவப்பு என்று வையுங்கள். அதை மஞ்சளோடு கலந்து, கலவையை மட்டும் பேங்குக்கு அனுப்புகிறது.

பேங்கும் தனக்கென்று ஒரு இரகசியச் சாயம் எடுத்துக்கொள்கிறது. அது நீலம். அதை மஞ்சளோடு கலந்து, கலவையை மட்டும் உங்கள் போனுக்கு அனுப்புகிறது.

இப்போது உங்கள் போன், பேங்க் அனுப்பிய கலவையில் தன்னுடைய சிவப்பைச் சேர்க்கிறது. பேங்க், உங்கள் போன் அனுப்பிய கலவையில் தன்னுடைய நீலத்தைச் சேர்க்கிறது. இரண்டு பக்கமும் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒரே அளவில் சேர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நிறம்! அந்த நிறம்தான் சாவி.

வழியில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு என்ன கிடைத்தது? மஞ்சள் தெரியும், போன இரண்டு கலவையும் தெரியும். ஆனால் கலந்த சாயத்தைப் பிரித்தெடுக்க முடியாது. இரண்டு கலவையையும் சேர்த்தால் மஞ்சள் இரண்டு பங்காகி நிறம் மாறிவிடும்.

பச்சைத் தோலைப் பதனிடுகிறோம். பதனிட்ட தோலைத் திரும்பப் பச்சைத் தோலாக்க முடியுமா? முடியாது. அதே மாதிரி, ஒரு பக்கம் போவதற்குச் சுலபமாகவும் திரும்பி வருவதற்கு முடியாமலும் இருக்கிற கணக்குகள் உண்டு. இந்தப் பூட்டு முழுக்க அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

நீங்கள் பேங்க் பக்கத்தைத் திறக்கும் அந்த ஒரு நொடிக்குள் இந்தச் சாயக் கலவை வேலை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவை புதிதாகத் தொடர்பு போடும்போதும் புதுச் சாவி. இந்த ஏற்பாட்டை 1995வாக்கில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனி இணையப் பக்கங்களுக்குக் கொண்டுவந்தது. பிறகு பல தடவை திருத்தி, 2018இல் வந்த திருத்தம் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. முகவரியின் ஆரம்பத்தில் ‘எச்.டி.டி.பி.’ என்பதற்குப் பின்னால் ஒரு ‘எஸ்’ இருந்தால், இந்தப் பூட்டு போட்டாயிற்று என்று அர்த்தம்.

எதிரில் இருப்பது யார்?

கதை இதோடு முடிந்தால் நல்லது. முடியவில்லை. சாயக் கலவையை அனுப்பியது பேங்க்தான் என்று உங்கள் போனுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒருத்தன் உட்கார்ந்து, ‘நான்தான் பேங்க்’ என்று தன்னுடைய சாயத்தை அனுப்பினால்?

இதற்குத்தான் முத்திரை. நிலப் பத்திரத்தில் சார்பதிவாளர் முத்திரை இருக்கிற மாதிரி, ஒவ்வொரு இணைய முகவரிக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. ‘இந்த முகவரி இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியது’ என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் முத்திரை போட்டுக் கொடுக்கும். எந்தெந்த நிறுவனத்தின் முத்திரையை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. முத்திரை தப்பாக இருந்தால் போன் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும்.

முத்திரையைப் போலியாகச் செய்ய முடியாதா? ரொம்பக் கஷ்டம். இதற்கு வழி காட்டியவர்கள் ரிவெஸ்ட், ஷமிர், அடில்மேன் என்ற மூவர், 1977இல். 7ஐயும் 13ஐயும் பெருக்கினால் 91. சுலபம். ஆனால் 91 எந்த இரண்டு எண்ணைப் பெருக்கி வந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாக யோசனையும் பெரிதாகும். அவர்கள் 129 இலக்கம் உள்ள ஒரு எண்ணைக் கொடுத்து, ‘பிரித்துக் காட்டுங்கள்’ என்று சவால் விட்டார்கள். 17 வருஷம் கழித்து 1994இல்தான் அது பிரிந்தது. அதற்கு சுமார் 600 பேர் சேர்ந்து 1600 கம்ப்யூட்டர்களைப் பல மாதம் ஓட்ட வேண்டியிருந்தது. இன்று முத்திரைகளில் இந்த வகைக்கு 617 இலக்க எண்கள் பயன்படுகின்றன.

முத்திரையே கை மாறினால்?

கணக்கு கெட்டியாக இருந்தும், முத்திரை வைத்திருக்கும் இடத்தில் தப்பு நடக்கலாம். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுள் முகவரிகளுக்கு அனுமதி இல்லாமல் யாரோ சான்றிதழ் எடுத்திருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. அந்தச் சான்றிதழ்களை வழங்கியது டெல்லியில் இருக்கும் மத்திய அரசின் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவு. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பலவும் அந்த முத்திரையை நம்பும். அதாவது, போலிப் பக்கம் ஒன்றை நிஜக் கூகுள் என்று காட்ட வாய்ப்பு இருந்தது. இந்தியாவில் இந்த நிறுவனங்களைக் கண்காணிக்கும் ‘சான்றளிப்போர் கட்டுப்பாட்டு அதிகாரி’ அலுவலகம் மறுநாளே அந்தப் பிரிவின் முத்திரைகளை ரத்து செய்தது. முத்திரை வழங்கும் முறைக்குள்ளேயே ஊடுருவல் நடந்திருப்பதாக விசாரணையில் தெரிய வந்தது.

இந்த மாதிரித் தப்பு மறைந்து நடக்காமல் இருக்க இப்போது ஒரு ஏற்பாடு உண்டு. 2018 ஏப்ரலிலிருந்து, புதிதாக வழங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் எழுதியிருந்தால்தான் குரோம் பிரவுசர் அதை ஏற்கும். இது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே? குழுவில் பணம் எடுத்தால் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் வாசிக்கிறோம். பூட்டிய பெட்டியை விட, எல்லோரும் பார்க்கும் நோட்டு தப்பைச் சீக்கிரம் காட்டும்.

அப்படியென்றால் அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த அக்கா பார்த்த பக்கத்தில் பூட்டு இருந்தது நிஜம். பூட்டு வேலை செய்ததும் நிஜம். அவர் தட்டிய நம்பரை வழியில் ஒருத்தனும் படிக்கவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் போய்ச் சேர்ந்த இடம் திருடன் வீடு!

சரக்கை லாரியில் ஏற்றி, கதவைப் பூட்டி, சீல் வைத்து அனுப்பினீர்கள். வழியில் ஒரு துண்டுத் தோல்கூடத் திருட்டுப் போகவில்லை. ஆனால் விலாசமே தப்பு. அப்போது பூட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘இந்த முகவரிக்கு உரிய கம்ப்யூட்டர் இது’. அந்த முகவரியை வைத்திருப்பவர் நல்லவரா, கெட்டவரா, பி.எஃப். ஆபீஸ்காரரா என்று அது சொல்லாது. 2015இல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற லாப நோக்கமில்லாத ஏற்பாடு வந்து, முத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. சின்னக் கடைக்காரர்கள், பள்ளிக்கூடங்கள் எல்லோருக்கும் பூட்டுக் கிடைத்தது. ரொம்ப நல்ல காரியம். கூடவே திருடனுக்கும் பூட்டுக் கிடைத்துவிட்டது. அவனும் ஒரு முகவரி வாங்கிச் சில நிமிஷத்தில் பூட்டுப் போட்டுக்கொள்கிறான்.

‘பூட்டு இருந்தால் நல்ல பக்கம்’ என்று ஜனங்கள் தப்பாக நினைப்பதால்தான், 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசர் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு ஒரு சின்னத்தை வைத்தது. வேறு சில பிரவுசர்களில் பூட்டு இன்னும் இருக்கிறது. எனவே சகோதரிகளே, நான் பயிற்சியில் சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன்: பூட்டு இல்லையென்றால் எதையும் போடாதீர்கள். பூட்டு இருந்தால், அதற்குப் பிறகு விலாசத்தைப் பாருங்கள்.

விலாசத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள்

தபாலில் ஊர், மாவட்டம் எல்லாம் விலாசத்தின் கடைசி வரியில் இருக்கும். இணைய முகவரியும் அப்படித்தான். முதல் சாய்கோடு வருவதற்கு முன்னால், வலது பக்கக் கடைசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

* மத்திய, மாநில அரசு பக்கங்கள் பெரும்பாலும் ‘டாட் ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடியும். இந்த முடிவு அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான் கொடுக்கப்படும். பி.எஃப். பக்கமும் இப்படித்தான் முடிகிறது.
* பேங்க் பக்கங்களுக்கு ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற தனி முடிவை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31க்குள் பேங்குகள் இதற்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. பேங்க் அல்லாதவருக்கு இந்த முடிவு கிடைக்காது.
* முகவரியின் நடுவில் ‘பி.எஃப்.’, ‘ஜி.ஓ.வி.’ என்றெல்லாம் எழுதி, கடைசியில் ‘டாட் காம்’ என்றோ ‘டாட் ஆன்லைன்’ என்றோ முடிந்தால் அது அரசு பக்கம் அல்ல. வீட்டு வாசலில் ‘கலெக்டர் ஆபீஸ்’ என்று போர்டு எழுதி மாட்டினால் அது கலெக்டர் ஆபீஸ் ஆகிவிடுமா?

தேடும்போது முதலில் வருவதை அப்படியே தொடாதீர்கள். காசு கொடுத்து மேலே வந்த விளம்பரமாகவும் இருக்கலாம்.

இன்னொரு கணக்கும் நினைவிருக்கட்டும். நமக்கு வர வேண்டிய பணத்தை வாங்க ஏ.டி.எம். கார்டு நம்பரோ, கார்டின் பின்பக்க மூன்று இலக்கமோ, யு.பி.ஐ. பின்னோ தேவையே இல்லை. அதெல்லாம் பணம் வெளியே போவதற்கு. வரவுக்குச் செலவுச் சாவியைக் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள்.

பூட்டு காக்காத மூன்று இடம்

ஒன்று, நம் வாய். ‘பேங்கிலிருந்து பேசுறேன், ஓ.டி.பி. சொல்லுங்கம்மா’ என்றால் நாம் சொல்லிவிடுகிறோம். 617 இலக்கப் பூட்டும் இதற்கு உதவாது.

இரண்டு, நம் போன். விவரம் வழியில்தான் மறைந்திருக்கிறது. நம் போன் திரையில் பச்சையாகத்தான் இருக்கிறது. யாரோ அனுப்பிய செயலியை ஏற்றினால், அது திரையையே பார்த்துவிடும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டுவிட்டு வெளியே வராமல் எழுந்து போனாலும் இதே கதிதான்.

மூன்று, போய்ச் சேர்ந்த இடம். இது நம் குழுக்களுக்கு ரொம்ப முக்கியம். வாட்ஸ்அப்பில் 2016லிருந்து, அனுப்புபவர் போனிலிருந்து வாங்குபவர் போன் வரைக்கும் பூட்டு உண்டு. நடுவில் அந்தக் கம்பெனியே படிக்க முடியாது. சரிதான். ஆனால் லோன் எடுக்கும்போது என்ன செய்கிறோம்? பன்னிரண்டு பேருடைய ஆதார், பாஸ்புக் படத்தைக் குழு வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அது பன்னிரண்டு போனிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் போனில் பையன் விளையாடுவான். பழுது பார்க்கக் கடையில் கொடுப்போம். பழைய போனை விற்போம். பூட்டு என்ன செய்யும்?

அதனால் ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் ஆவணங்களைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். தனியாக வாங்குங்கள். வேலை முடிந்ததும் போனிலிருந்து அழியுங்கள். முழு ஆதார் தேவைப்படாத இடத்தில், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் பக்கத்திலேயே அதை எடுக்கலாம்.

அந்தரங்கம் என்பது பெரிய மனுஷருக்கு மட்டும் உரியது இல்லை. 2017 ஆகஸ்ட் 24இல், நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அது ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

அந்த அக்கா பணம் போனதை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. "வீட்டுக்காரர் திட்டுவாரு, ஜனங்க சிரிப்பாங்க" என்று பயந்திருந்தார். திருடனுக்கு வேண்டியது அந்த மூன்று நாள்தான்.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ, அங்கேயே நிறுத்தி வைக்க முயற்சி எடுப்பார்கள். அடுத்ததாக பேங்குக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள். வந்த மெசேஜ், பக்கத்தின் முகவரி, நேரம் எதையும் அழிக்காதீர்கள். மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மணிக்கணக்கு முக்கியம்.

அன்றைக்கே கூட்ட அறையில் உட்கார்ந்து 1930க்குப் போன் செய்தோம். மறுநாள் பேங்குக்கும் போலீசுக்கும் அக்காவோடு நானும் போனேன். 14 ஆயிரத்தில் 5 ஆயிரம் ரூபாய் வேறொரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. மீதி 9 ஆயிரம் அதற்குள்ளாகவே எடுக்கப்பட்டுவிட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கும்.

அந்த வாரமே அவருடைய குழு கூடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்ணின் ஃபீஸுக்காகச் சங்கச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்த அக்கா சொன்னார்: "என் கதைய எல்லாக் குழுவுக்கும் சொல்லுமா. பேரு மட்டும் வேணாம்."

சொல்லிவிட்டேன் அக்கா. பாதியாக இல்லாமல் இந்தத் தடவை முழுசாகவே சொல்லியிருக்கிறேன்.

நினைவில் வையுங்கள்

1. பூட்டு வழியைக் காக்கும். போய்ச் சேரும் இடம் நல்லதா என்று சொல்லாது.
2. பூட்டு இல்லாத பக்கத்தில், அல்லது ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை வரும் பக்கத்தில், எந்த விவரமும் போடக் கூடாது.
3. முகவரியைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும்.
4. பணம் வாங்க பின் தேவையில்லை. ஓ.டி.பி.யை வாய் திறந்து யாருக்கும் சொல்லக் கூடாது.
5. ஆவணப் படங்களைக் குழு வாட்ஸ்அப்பில் போடக் கூடாது.
6. ஏமாந்துவிட்டால் வெட்கம் வேண்டாம். உடனே 1930.

குழுவில் பேசுவோம்

1. 6138 என்ற எண்ணுக்கு, சாவி 1 என்று வைத்துப் பூட்டுப் போடுங்கள். பக்கத்துக் குழுவிடம் கொடுத்துச் சாவி சொல்லாமல் திறக்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிஷம் ஆனது?
2. போஸ்ட் கார்டு, மாட்டுச் சந்தைத் துண்டு, சீல் வைத்த லாரி. இந்த மூன்றில் பூட்டு போட்ட இணையப் பக்கத்துக்கு எது சரியான உதாரணம்? ஏன்?
3. நம் குழு உறுப்பினர்களின் ஆதார், பாஸ்புக் படங்கள் இன்று யார் யார் போனில் இருக்கின்றன? எண்ணிப் பார்த்து, அழிக்க வேண்டியதை இந்தக் கூட்டத்திலேயே அழியுங்கள்.
4. ஏமாந்த சகோதரி ஒருவர் வெட்கப்படாமல் உடனே வந்து சொல்ல வேண்டுமென்றால், குழு எப்படி நடந்துகொள்ள வேண்டும்? ஒரு தீர்மானமாக எழுதுங்கள்.